கணினிப் பாதுகாப்பை ஒப்படைத்துவிட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தின் கணினிப் பணிகள் அனைத்தையும் ஒரு வெளி நிறுவனம் கவனிக்கிறது. இணையத் தாக்குதல் நேர்ந்தால் பொறுப்பும் அவர்களுடையதுதானே?
– வாசகர், திருப்பூர்

பதில்: இல்லை. பல பராமரிப்பு ஒப்பந்தங்கள் சர்வர் தடையின்றி இயங்குவதைப் பற்றிப் பேசுகின்றனவே தவிர, ஊடுருவலைக் கண்காணிப்பதையோ, பேக்கப்பிலிருந்து தரவுகளை உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று சோதிப்பதையோ குறிப்பிடுவதில்லை.

அதைவிடக் கவலைக்குரியது, பல வாடிக்கையாளர்களின் கணினிகளைத் தொலைவிலிருந்து இயக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதாகும். 2021 ஜூலை 2 அன்று, கசேயா என்ற மென்பொருள் நிறுவனத்தின் தொலைநிலை மேலாண்மை மென்பொருளில் இருந்த குறையைப் பயன்படுத்திய, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரீவில் கும்பல், அதைப் பயன்படுத்திய 60க்கும் குறைவான கணினிச் சேவை நிறுவனங்களின் வழியாக, ஏறத்தாழ 1,500 வரையிலான நிறுவனங்களின் கோப்புகளைப் பூட்டியது. கசேயாவுடன் நேரடித் தொடர்பே இல்லாத ஸ்வீடனின் கூப் அங்காடிகள், பில் போடும் கருவிகள் முடங்கியதால், நூற்றுக்கணக்கான கடைகளை மூட வேண்டியதாயிற்று. தவறே செய்யாதவர்கள் இப்படித் தண்டிக்கப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இந்தியாவில், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணைப்படி, தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கும் உண்டு. ஒப்பந்தம் போட்டு அதைக் கைமாற்ற முடியாது. நிர்வாகக் கடவுச்சொற்கள் யாரிடம் உள்ளன, அவற்றுக்கு இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பேக்கப்பை உங்கள் கண்ணெதிரே மீட்டுக் காட்டச் சொல்லுங்கள்.