வயல் காவலுக்குத் துப்பாக்கி: கேள்வி பதில்

சாயல்குடி, கடலாடிப் பக்கத்து விவசாயிகளின் கேள்விகளுக்கு, பல காலமாக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு விவசாயியின் பதில்கள்.

அண்ணே, கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிண்டிப் போடுகிறது. காவலுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும் தம்பி. 1959 ஆயுதச் சட்டத்திலேயே பயிர்ப் பாதுகாப்புக்கு இடம் உண்டு. பொதுவாகக் குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கிதான். அது போதாது என்று அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் துப்பாக்கி. வயது 21 ஆகியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும்.

லைசென்ஸ் வாங்கிவிட்டால் பன்றியைச் சுடலாம்தானே?

கூடாது. லைசென்ஸ் ஆயுதம் வைத்திருக்க மட்டும்தான். வேட்டைக்கு 1972 வன உயிரினச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2025இல் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவதும் வனத்துறை ஆட்களின் வேலை. மயில், கண்மாய்ப் பறவைகள் பக்கம் குழலைத் திருப்பவே வேண்டாம்.

அப்புறம் துப்பாக்கியால் என்ன பயன்?

சத்தம்தான் பயன். பால்ரஸ் என்கிற இரும்புக் குண்டு போடாமல் மருந்து மட்டும் கெட்டித்து, வானம் பார்த்து வெடிக்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வெடித்தால் பன்றி பழகிவிடும். குழலிலிருந்து தீப்பொறியோடு, மருந்தை இறுக்க வைத்த அடைப்பு பறக்கும், காய்ந்த வைக்கோல் பக்கம் ஆகாது. நம் தரை மேடில்லாத தரை என்பதையும் மறக்காதீர்கள்: குண்டு போட்டுச் சுட்டால் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லை, பனைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கலாம். கொல்லையை ஒட்டிய சீமைக்கருவேலப் புதரை வெட்டுங்கள். பன்றி பகலில் படுப்பது அங்கேதான்.

உப்புக்காற்றில் குழல் துருப்பிடிக்கிறதே?

உப்பு பாதி, கருமருந்துக் கசடு பாதி. கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். வெடித்த அன்றே வெந்நீரில் குழலைக் கழுவி, துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, மெஷின் எண்ணெய் பூசுங்கள். மருந்து கெட்டித்த துப்பாக்கியை மட்டும் வீட்டுச் சுவரில் சாத்தி வைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் இருக்கிற வீடு.

அப்பா தவறிவிட்டார். அவர் துப்பாக்கியை நான் வைத்துக்கொள்ளலாமா ஐயா?

அப்படியே வைத்திருந்தால் குற்றம். தாமதிக்காமல் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்று லைசென்ஸுக்கு மனுப் போடுவது அதற்குப் பிறகு.