டிசம்பர் பீர்: கேளுங்கள், சொல்கிறேன்

மழை பிடித்துக்கொண்டது. மான் படமும் பனிப் படமும் போட்ட பாட்டில்கள் கடைக்கு வந்துவிட்டன. வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன், வருடா வருடம் இந்தப் பாட்டில்களில் காசை விடுகிறவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். 18 வயது ஆகாதவர்கள் இப்போதே கிளம்பலாம்.

புங்கோல் ரவி: அண்ணே, குளிர்கால பீர் என்று தனியாக ஒன்று உண்டா? நம்ம சிங்கப்பூரில் குளிரே கிடையாதே?

உண்டு தம்பி, ஆனால் ஒரே வகை இல்லை. குளிர் மாதங்களுக்கென்று மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) அள்ளிப் போட்டு, கனமாக, போதை கூடுதலாகக் காய்ச்சுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். ஆஸ்திரியாவின் சாமிக்லாஸ் 14 சதவீதம். வருடத்தில் ஒரே நாள், டிசம்பர் 6, புனித நிக்கலஸ் திருநாளன்று மட்டும் காய்ச்சுவார்கள். பத்து மாதம் போல ஊறிய பிறகுதான் பாட்டில். 1979ல் சூரிச்சில் தொடங்கியது, 2000 முதல் எக்கன்பெர்க் ஆலையில் நடக்கிறது. பெல்ஜியத்தின் டெலிரியம் நோயல் 10 சதவீதம்.

இதற்கு நேர் எதிர், அமெரிக்காவின் சியரா நெவாடா செலிப்ரேஷன். 1981ல் ஆரம்பித்தது, 6.8 சதவீதம், மசாலா துளியும் இல்லை. அந்த வருட அறுவடையில் வந்த புது ஹாப்ஸ்தான் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) விசேஷம். நுகர்ந்தால் எலுமிச்சைத் தோலும் பைன் பிசினும்.

குளிர் இல்லை என்கிறீர்கள். மூன்று நாள் விடாமல் பெய்து 23 டிகிரிக்கு இறங்கினால் போர்வை தேடுகிறவர்கள்தானே நாம்?

செங்காங் கவிதா: எனக்கு எல்லா பீரும் கசப்பாகவே இருக்கிறது. எப்படித்தான் சுவைப்பது?

நாக்கின் மேல் பழி போடாதீர்கள். பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்த பீரில் வாசனை எழும்பாது, இனிப்பு அமுங்கிவிடும், கசப்பு மட்டும் தனியாக நிற்கும். ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் இருந்ததை எடுத்து மேசையில் கால் மணி நேரம் வையுங்கள். கனமான பீருக்கு 10 முதல் 13 டிகிரி சரி. ஏர்கான் இல்லாத அறையில் அதைத் தாண்டி ஓடிவிடும், கவனம்.

வைன் கிளாஸ் போதும். மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். குடிக்குமுன் மூக்கை உள்ளே விட்டு நுகருங்கள்: உலர்ந்த திராட்சை, கருகிய வெல்லம், காப்பி, ஆரஞ்சுத் தோல், எது வருகிறதோ. முதல் மிடறை நம்பாதீர்கள், வாய் பழக வேண்டும். இரண்டாவதில் முடிவு செய்யுங்கள். பல பாட்டில்கள் இருந்தால் லேசானதில் தொடங்கிக் கனமானதில் முடியுங்கள். சம்பல் சாப்பிட்ட கையோடு உட்காராதீர்கள்.

ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டவே வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரைச் சுவைத்துவிட்டு 'என்ன ஒரு புகை மணம்!' என்று அரைப் பக்கம் குறிப்பு எழுதினேன். புகை பூசையறையிலிருந்து வந்திருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். 330 மில்லி, 10 சதவீதம் என்றால் சாதாரண 5 சதவீத டின் இரண்டுக்குச் சமம். ஒரு பாட்டிலை மூன்று பேர் பகிருங்கள். கார் சாவி வீட்டிலேயே இருக்கட்டும்.

ஈசூன் வாசகர்: ஐஸ் போட்டுக் குடிக்கலாமா?

கோப்பிக்கடையில் குடிக்கிற லேசான லாகர் பீருக்குப் போடுங்கள், நானும் போடுவேன். இந்தக் கனமான பீருக்கு வேண்டாம்.

பிடோக் குமார்: ஆங்கர் கம்பெனி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் புது பீர் விடுகிறதாமே? நம்ம பேரங்காடியில் சாதா ஆங்கர்தான் இருக்கிறது.

பெயர்தான் ஒன்று, கம்பெனி வேறு. நீங்கள் கேள்விப்பட்டது சான் பிரான்சிஸ்கோ ஆங்கர். 1975 முதல் வருடத்துக்கு ஒரு புதுச் செய்முறை, லேபிளில் ஒரு புது மரம். 2023ல் ஆலையை மூடிவிட்டார்கள். எனக்கு அது ஒரு சாவு வீடு.

தெம்பனிஸ் லதா: ஒரு சின்ன பாட்டிலுக்கு ஏன் இவ்வளவு விலை?

பாதிக் காரணம் கப்பல், கடை வாடகை. மீதி வரி. இங்கே கலால் வரி சுத்தமான ஆல்கஹால் லிட்டருக்கு 60 வெள்ளி. 10 சதவீத பாட்டிலில் 33 மில்லி ஆல்கஹால், ஆகக் கலால் வரி மட்டும் 1 வெள்ளி 98 காசு. அதற்கு மேல் பொருள் சேவை வரி. ஜோகூரில் வாங்கி வரலாமா என்று அடுத்து மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவில் வரிச்சலுகை கிடையாது. மூவருக்கும் இதே பதில்.

ஜூரோங் செல்வம்: ஷ்னைடர் அவென்டினுஸ் என்ற ஜெர்மன் கோதுமை பீர் வாங்கினேன். கிராம்பு மூக்கைத் துளைக்கிறது. ஜெர்மனியில் 1516லேயே, பீரில் இன்னதுதான் போடலாம் என்று தூய்மைச் சட்டம் போட்டவர்களாம். அப்புறம் எப்படிக் கிராம்பு? கலப்படம்தானே?

அருமையான கேள்வி. அதில் கிராம்பு ஒரு மொட்டுகூட இல்லை. கோதுமை பீருக்கென்று ஒரு ஈஸ்ட் உண்டு. மால்ட்டிலிருந்து வரும் ஃபெருலிக் அமிலத்தை அது 4-வினைல் குவாயகோல் என்ற பொருளாக மாற்றும். கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினாலுக்கு இது பங்காளி. மூக்கு ஏமாறுவது இயல்பு.

ஜூரோங் செல்வம்: நம்பமாட்டேன். எங்கள் அம்மா பிரியாணிக்கு அரைக்கிற கிராம்பு எனக்குத் தெரியாதா?

அம்மாவின் பிரியாணிக்கு நான் போட்டியில்லை. பின் லேபிளைப் படியுங்கள்: தண்ணீர், கோதுமை மால்ட், பார்லி மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட்.

கிளமெண்டி அரசு: மசாலா போட்டாலே அது பீர் இல்லை. சட்டம் சட்டம்தான்.

அது பவேரியாவின் சட்டம், பெல்ஜியத்துக்கு இல்லை. அதன் வாசகத்தில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும்தான் இருந்தது. ஈஸ்ட்டின் பெயரே இல்லை. எழுத்துக்கு எழுத்து போனால் கோதுமை பீரே குற்றம். ஹாப்ஸ் பரவும் முன்பு ஐரோப்பாவில் மூலிகை போட்டுத்தான் காய்ச்சினார்கள். ஏலக்காய் போட்ட பாயசம் பாயசம் இல்லையா? அளவு மீறினால் மட்டும் என் சண்டை. பட்டையைக் கொட்டி மட்டமான பீரை மறைக்கிறவர்கள் உண்டு.

உட்லண்ட்ஸ் மாலா: இரண்டு பாட்டில் வாங்கி ஒன்றை அடுத்த கிறிஸ்துமஸுக்கு வைக்கலாமா? பொம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பதுங்கு அறை) இடம் இருக்கிறது.

பொம் ஷெல்டரில் வேண்டாம்! காற்று ஓடாத 30 டிகிரி அறையில் ஒரு வருடம் வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். 12, 13 டிகிரி வைன் அலமாரி இருந்தால், 9 சதவீதத்துக்கு மேற்பட்ட கறுப்பு பீரை வைக்கலாம். செலிப்ரேஷன் மாதிரி ஹாப்ஸ் பீரை உடனே குடித்துவிடுங்கள். பாட்டிலில் போட்ட தேதியைப் பார்த்து வாங்குங்கள். கடை ஜன்னலில் வெயில் பட நிற்கும் பச்சை பாட்டிலைத் தொடாதீர்கள், ஒளி பட்ட ஹாப்ஸ் நாறும்.

அங் மோ கியோ வாசகர்: ஐஸ் போடலாமா?

மேலே பார்க்கவும்.

காலாங் தேவி: அப்பாவுக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு கிளாஸ் கொடுக்கலாமா?

மருத்துவரைக் கேளுங்கள் அம்மா. என்னைக் கேட்காதீர்கள்.

தோ பாயோ முருகன்: 15 வெள்ளி கொடுக்க மனமில்லை. மலிவாக என்ன?

இதற்குத்தான் காத்திருந்தேன். இலங்கை லயன் ஸ்டவுட், 8.8 சதவீதம். இல்லாவிட்டால் நம்ம கோப்பிக்கடை ஏபிசி ஸ்டவுட். சாக்லெட், கருகிய வெல்லம், இனிப்பு, கனம் எல்லாம் உண்டு. வெப்ப ஊர்களில் காய்ச்சும் இந்த வகைக்கு 'டிராபிக்கல் ஸ்டவுட்' என்றே பெயர். 12 டிகிரியில் வைன் கிளாஸில் ஊற்றி, ஒரு அதிரசத்தை அல்லது யுரேசிய வீட்டு சூஜி (ரவை) கேக்கைப் பக்கத்தில் வையுங்கள். வெல்லமும் கருகிய மால்ட்டும் அப்படிச் சேரும். மட்டன் சுக்காவோடு வேண்டாம், இந்த போதை அளவில் மிளகாய் இன்னும் எரியும்.

சுவா சூ காங் பாலா: ஐஸ் வாளியில் வைத்தால்?

தம்பி!

ஜூரோங் செல்வம்: லேபிளைப் படித்துவிட்டேன், கிராம்பு இல்லை, சரி. இப்போது சூடு ஏற ஏற வாழைப்பழமும் அடிக்கிறது. அதையும் போடவில்லை என்பீர்களா?

போடவில்லை. வாழைப்பழ மணம் தருவது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருள். அதுவும் ஈஸ்ட் வேலைதான்.