நாலு நாள் கொல்கத்தா – வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

நான் கரூர்க்காரன். மனைவி, அம்மா, நான் மூவரும் பொங்கல் விடுமுறையில் கொல்கத்தா போய்வர நினைக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, சுத்த சைவம். தக்ஷிணேஸ்வரமும் பேலூர் மடமும் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பல வருட ஆசை. இங்கே ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். கார், அறை, காலைச் சாப்பாடு சேர்த்து நாலு நாளைக்கு 42,000 ரூபாய், ரயில் தனி என்கிறார்கள். எங்களால் இருபதாயிரம் வரைதான் முடியும். அந்தப் பணத்தில் ஊரைப் பார்த்த திருப்தியோடு திரும்ப முடியுமா, இல்லை அலைச்சல்தான் மிஞ்சுமா? பெயர் வெளியிட வேண்டாம்.

– கரூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். ஆனால் பொங்கலுக்குப் போகாதீர்கள்.

நம் பொங்கல் அங்கே மகர சங்கராந்தி. கங்காசாகர் மேளா அப்போதுதான். வட இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கில் யாத்ரீகர்கள் வந்து இறங்குவார்கள். ஹௌரா ஸ்டேஷன், பாபுகாட் படித்துறை, மலிவான லாட்ஜ், தர்மசாலை எல்லாம் அந்த வாரம் நிரம்பி வழியும். அறை கிடைத்தாலும் நீங்கள் நினைக்கிற விலைக்குக் கிடைக்காது. ஜனவரி கடைசி வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். குளிர் அப்போதும் இருக்கும், புத்தகக் கண்காட்சியும் பெரும்பாலும் அந்த நாட்களில் தொடங்கியிருக்கும். சால்ட் லேக்கில் கருணாமயி மெட்ரோவுக்குப் பக்கத்தில் நடக்கிறது, நுழைவு இலவசம். 26ஆம் தேதி மட்டும் ஊர் நடுவே மைதான் என்ற பெருந்திடலை ஒட்டிய ரெட் ரோட்டில் அணிவகுப்பு என்பதால் அந்தப் பக்கம் போக்குவரத்து மாறும்.

ரயிலுக்காக நீங்கள் சென்னை போக வேண்டியதில்லை. திருச்சியிலிருந்தே ஹௌராவுக்கு வாரத்தில் 2 நாள் ரயில் இருக்கிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும், முதல் நாளே எடுத்துவிடுங்கள். சென்னை வழியாகத்தான் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: கோரமண்டல் இப்போது ஹௌராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து மூட்டை முடிச்சோடு ஊருக்குள் வர டாக்ஸிதான் பிடிக்கத் தோன்றும். ஹௌரா மெயில் ஹௌராவிலேயே விடும். ஸ்டேஷனை ஒட்டி மெட்ரோ.

அந்த 42,000 கணக்கில் பெரும் பங்கு கார். கொல்கத்தாவில் கார் வைத்துப் பார்ப்பது, திருவிழாவில் தேருக்குப் பின்னால் லாரி ஓட்டுகிற மாதிரி. பார்க்க வேண்டியதெல்லாம் சந்துக்குள்ளும் ஆற்றங்கரையிலும் இருக்கிறது, கார் அங்கே நுழையாது. மலிவான ஊர் என்று நம்பிப் போகிறவர்களுக்கும் அங்கே காசு கரைவது டிக்கெட்டிலோ சாப்பாட்டிலோ இல்லை. இன்றைக்குத் திறக்காத இடத்தின் வாசலில் போய் நின்றுவிட்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொன்றுக்கு டாக்ஸி பிடிக்கிறோமே, அதில்தான். எந்தக் கிழமையில் எது, எந்த மணிக்கு எது என்று வரிசையைச் சரியாகப் போட்டால் டாக்ஸிக்கே வேலை இல்லை.

முதலில் தங்குமிடம். ஹௌராப் பக்கம் அறை மலிவு என்று அங்கே தங்காதீர்கள், ஒவ்வொரு நாளும் ஆற்றைத் தாண்டி வர வேண்டும். காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்தில் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தேடுங்கள். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கும் பகுதி. வாழையிலை, மல்லிகைச்சரம், ஃபில்டர் காபி, இட்லி எல்லாம் கிடைக்கும். இரண்டு வேளை அம்மாவுக்கு நம் சாப்பாடு கிடைத்துவிட்டால் மூன்றாவது வேளையைத் தைரியமாக வெளியில் வைத்துக்கொள்ளலாம். மூன்று பேர் அறைக்கு நாளுக்கு 2,500 வரை ஒதுக்குங்கள். பணம் கொடுக்கும் முன் வெந்நீர் குழாயில் வருமா, பக்கெட்டில் கொண்டுவந்து வைப்பார்களா என்று கேளுங்கள். ஜனவரிக் குளிரில் அது சின்ன விஷயம் இல்லை. ஹௌராவில் இறங்கியதும் பச்சை வழித்தட மெட்ரோவில் எஸ்பிளனேட், அங்கே நீல வழித்தடத்துக்கு மாறினால் காளிகாட். மெட்ரோ கட்டணம் 5 ரூபாயிலிருந்து தொடங்குகிறது.

அம்மாவின் நாளை முதலில் வையுங்கள், ஞாயிறு அல்லாத ஒரு நாளில். ஞாயிற்றுக்கிழமை நீல வழித்தடத்தில் மெட்ரோ 9 மணி வாக்கில்தான் தொடங்கும், கோயிலிலும் கூட்டம் மொய்க்கும். மற்ற நாளில் 7 மணியை ஒட்டி வரும் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்தால் நேராக தக்ஷிணேஸ்வரம். ஸ்டேஷனிலிருந்து கோயில்வரை மேம்பால நடைபாதை இருக்கிறது, சாலையைக் கடக்க வேண்டாம். செல்போனை உள்ளே விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் வரிசையில் ஒன்று குறையும். ராணி ராசமணி 1855இல் கட்டிய கோயில் அது. ஒன்பதரைக்குள் தரிசனம் முடித்துப் பக்கத்துப் படித்துறையில் பேலூருக்குப் படகு ஏறிவிட வேண்டும். பேலூர் மடம் பதினொன்றரைக்குச் சாத்தினால் மாலையில்தான் திறக்கும். டிராவல்ஸ் கார்கள் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அங்கே கொண்டுபோய் இறக்கும், ஜனங்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். திரும்புவதற்கு ஹௌராவுக்குப் பஸ் உண்டு.

படகைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹூக்ளி ஆற்றில் கடல் ஏற்றவற்றம் உண்டு. படகுத்துறை மிதவை நீரோடு ஏறி இறங்கும். நீர் வற்றிய நேரத்தில் கரையிலிருந்து மிதவைக்குப் போகும் இரும்புப் பாலம் செங்குத்தாகச் சரிந்திருக்கும், ஏற்றத்தில் தரைமட்டமாக இருக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் முதலில் நீங்கள் போய் எட்டிப் பாருங்கள். சரிவாக இருந்தால் ஒரு பக்கக் கம்பியைப் பிடித்து நிதானமாக இறங்கட்டும், பின்னால் வருகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

இரண்டாவது நாள்தான் எனக்குப் பிடித்த நாள், ஆளுக்கு ஐம்பது ரூபாயை ஒட்டிப் போக்குவரத்து முடிந்துவிடும். காலை முதல் மெட்ரோவில் ஹௌராவுக்குப் போங்கள். ஆற்றுக்கு அடியில் போகும் அந்தச் சுரங்கம் 2024இல் திறந்தது, 45 வினாடியில் ஆறு முடிந்துவிடும். ஹௌராவில் மேலே ஏறி, பாலத்தின் மேல் நடந்து கொல்கத்தாப் பக்கம் திரும்புங்கள். 1943இல் திறந்த பாலம், ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. நடைபாதையில் தலைச்சுமைக்காரர்கள் ஓட்டமும் நடையுமாக வருவார்கள், அவர்களால் சட்டென்று நிற்க முடியாது. படம் எடுக்க வேண்டுமென்றால் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒதுங்கி நில்லுங்கள். பாலம் முடிகிற இடத்தில் வலப்பக்கம் படி இறங்கினால் மல்லிக் காட் பூச்சந்தை. துலுக்கசாமந்தி மாலைகளைக் கயிற்றுச் சுருள் மாதிரி சுற்றித் தோளில் போட்டு விற்பார்கள். தரை முழுக்க அழுகிய பூவும் சேறும், வழுக்கும். பின்பட்டி வைத்த செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். எட்டரைக்கு மேல் கூட்டம் கலைய ஆரம்பிக்கும்.

அங்கிருந்து கொஞ்சம் தெற்கே ஆர்மீனியன் காட்டில் படகேறி மறுபடி ஹௌரா, அங்கே பாக்பஜார் போகும் படகுக்கு மாறி ஷோபாபஜாரில் இறங்குங்கள். அடியில் ஒருமுறை, மேலே ஒருமுறை, நீரில் இருமுறை ஆற்றைக் கடந்தாயிற்று. பொழுதுபோக்குப் படகுச் சவாரிக்கு நூற்றுக்கணக்கில் கேட்பார்கள், அதே ஆறுதான்.

ஷோபாபஜார் துறையிலிருந்து நடை தூரத்தில் குமார்டுலி, சிலை செய்கிறவர்களின் தெரு. துர்க்கை சீசன் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், ஜனவரியில் பெரும்பாலும் சரஸ்வதி பூஜைக்காகத் தெரு முழுக்க வெள்ளை சரஸ்வதிகள் நிற்கும். ஒரே பட்டறையில் எல்லா நிலையையும் பார்க்கலாம். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு. அதன்மேல் உமி கலந்த களிமண், காய்ந்தபின் மெல்லிய வண்டல். காயும்போது வெடிப்பு விடும், அங்கே களிமண் கரைசலில் நனைத்த துணிக்கீற்றை ஒட்டி மழுக்குவார்கள். பிறகு சுண்ணப்பொடிப் பூச்சு, வண்ணம், கடைசியில் கண். பட்டறைக்குள் நுழையும் முன் கேளுங்கள், முதுகில் மாட்டிய பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது பை இடித்து ஈரக் கை உடைவதுதான் அவர்களுக்கு வருகிற பெரிய தொல்லை.

ஷோபாபஜார் சுதானுடியில் மெட்ரோ ஏறி மகாத்மா காந்தி ரோட்டில் இறங்கினால் பத்து நிமிட நடையில் காலேஜ் ஸ்ட்ரீட். புத்தகக் கடைகளுக்கு முன் சாப்பாடு, ஒரு மணிக்குள். பிரசிடென்சி பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல் இருக்கிறது. இந்த வகைக்கு பைஸ் ஹோட்டல் என்று பெயர், பைசாக் கணக்கில் சாப்பிட்ட காலத்துப் பெயர். இங்கே முழுச் சாப்பாடு என்று ஒன்றில்லை. சாதம், பருப்பு, பொரியல், மீன் ஒவ்வொன்றும் தனி விலை. வாழையிலைக்குக்கூடத் தனியாகக் காசு போடும் கடைகள் உண்டு. பரிமாறுகிறவர் இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். தலையாட்டினால் எல்லாம் இலைக்கு வந்துவிடும், ஒன்றொன்றாகச் சொல்லுங்கள். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் ரூய், காத்லா மலிவு. இலிஷ் என்று காதில் விழுந்தால் விலை கேட்டுவிட்டு ஆசைப்படுங்கள்.

அம்மா விஷயத்தில் கவனம். வங்காளத்தில் பருப்பில் மீன் தலை போடுவது விருந்து மரியாதை. வாழைப்பூவில் இறால், சுரைக்காயில் இறால், முட்டைக்கோஸில் மீன் தலை. காய்தானே என்று வாங்கக்கூடாது. "நிராமிஷ்" என்று கேட்டு வாங்குங்கள், "வெஜ்" என்பதைவிட அது தெளிவு. பாத்திரம் கலப்பதே ஆகாது என்றால் அன்றைக்கு அம்மாவுக்கு லேக் மார்க்கெட்டிலிருந்து கட்டி எடுத்துவருவது நல்லது. காபி ஹவுஸ் காலேஜ் ஸ்ட்ரீட்டை ஒட்டி ஆல்பர்ட் ஹாலில் இருக்கிறது. காபி சுமார்தான். மாடத்தில் இடம் பிடித்துக் கீழே நடக்கும் சண்டையைப் பார்ப்பதற்கு அந்தக் காசு தகும். ஞாயிற்றுக்கிழமை காலேஜ் ஸ்ட்ரீட் பெரும்பாலும் மூடிக்கிடக்கும்.

மூன்றாவது நாள் அருங்காட்சியகம், திங்களாக இருக்கக்கூடாது. இந்தியன் மியூசியம், விக்டோரியா மெமோரியல் காட்சிக்கூடம், ஜோராசாங்கோவில் தாகூர் வீடு மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. 1814இல் தொடங்கிய மியூசியத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கால் போய்விடும். பார்ஹுத் பௌத்த ஸ்தூபியின் சிவந்த கல்வேலியை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். விக்டோரியாவுக்குத் தோட்டச் சீட்டு போதும், அந்தக் கட்டடத்தில் வெளிப்புறம்தான் விசேஷம்.

நாலாவது நாள் பழைய அலுவலக வட்டாரமான டல்ஹௌசி, அலுவலக நாளாகப் பார்த்து. அப்போதுதான் டேக்கர்ஸ் லேன் சாப்பாட்டுக் கடைகள் உயிரோடு இருக்கும். செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில், கொல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறை உண்டு, சொற்பக் கட்டணம். அந்தக் கல்லைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். நம் பல்லாவரத்துக் கல். இந்தக் கல்லறையை வைத்துத்தான் 1893இல் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தப் பாறை வகைக்கே சார்னோகைட் என்று பெயரிட்டார். மாலையில் பிரின்செப் காட்டில் உட்காரக் காசு இல்லை. டிராம் இரண்டொரு தடத்தில்தான் மிஞ்சியது, கண்ணில் பட்டால் ஏறிவிடுங்கள், தேடிப் போக வேண்டாம்.

கணக்கு: அறை 10,000, சாப்பாடு மூவருக்கும் நாளுக்கு 1,200 வீதம் 4,800, போக்குவரத்து 1,000, சீட்டுகள் 1,000. மிச்சத்தில் ஒரு டாக்ஸி அவசரத்துக்கு இருக்கட்டும், ஹௌராவில் ப்ரீபெய்டு சாவடி இருக்கிறது. ஐந்து, பத்து ரூபாய்ச் சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள், படகுத்துறைச் சீட்டுக்கும் பஸ் கண்டக்டருக்கும் 500 ரூபாய் நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

ஜனவரி என்பதால் ஈச்சம் பதநீர் வெல்லம் போட்ட நொலேன் குட் சந்தேஷ் கிடைக்கும். ஊருக்கு வாங்கும்போது கடைக்காரர் மிருதுவானதைத்தான் முதலில் நீட்டுவார், அது ரயிலில் இரண்டாம் நாளே புளித்துவிடும். இறுகக் கிண்டிய "கடா பாக்" கேளுங்கள். மண்சட்டித் தயிரை மட்டும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள், சட்டி கசியும்.