விலையைக் குறைக்காமல் வீட்டைச் சீக்கிரம் விற்பது எப்படி?

கேள்வி கேட்டவர் ஆறு மாதமாக வீட்டை விற்கப் பார்த்தும் ஆள் அமையவில்லை என்கிறார். தரகர் ‘விலையை இறக்குங்க’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லையாம். எங்களுக்கு ஏழு மாதம் இதே கதைதான். பிறகு மூன்றே மாதத்தில் பத்திரம் முடிந்தது.

வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில். அரை கிரவுண்டு, 1994-இல் அப்பா கட்டியது. அப்பா போன பிறகு அம்மா என்னோடு கோவைக்கு வந்துவிட்டார். 2023 சித்திரையில் விற்பது என்று முடிவு செய்து, பொறுப்பைத் தம்பி எடுத்துக்கொண்டான். அவன் இருப்பது புனேயில். மாதம் ஒருமுறை வருவான். ஞாயிறு காலை 10 முதல் 12 வரைதான் வீடு பார்க்கலாம், அட்வான்ஸ் கொடுத்தால்தான் பத்திர நகல் காட்டுவோம், பேங்க் லோன் பார்ட்டி வேண்டாம், 82 லட்சத்துக்குக் குறைந்து பேச்சில்லை. இதெல்லாம் அவன் சட்டம். வந்தவர்கள் எல்லாரும் ‘சொல்றோம் சார்’ என்று போனார்கள். ஆடி வந்தது, போன் வருவதே நின்றுவிட்டது.

நவம்பர் கடைசியில் லீவு போட்டுவிட்டு நான் போய் அந்த வீட்டிலேயே தங்கினேன். முதல் வேலையாக ஒட்டடை அடித்து, ஃபியூஸ் போன பல்புகளை மாற்றினேன். அடுத்து, தம்பி சொல்லியிருந்த நேரக் கட்டுப்பாட்டைத் தூக்கினேன். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், ஒரு போன் போட்டால் போதும்.

மூன்றாம் நாளே இரவு ஒன்பதரைக்கு ஒருவர் வந்தார். ரயில் ஓட்டுநர். மனைவி தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் வேலை. ஞாயிறு 10 முதல் 12 என்று சொன்னால் இவர்கள் எந்த ஜென்மத்தில் வீடு பார்ப்பது? தாம்பரத்தில் வீடு தேடுபவர்களில் ரயில்வேக்காரர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

டிசம்பர் 4 மிக்ஜாம் புயல். தெருவெல்லாம் தண்ணீர். தம்பி போனில், ‘ரெண்டு மாசத்துக்கு யாரையும் கூப்பிடாதே, தண்ணி வடிஞ்சு எல்லாரும் மறக்கட்டும்’ என்றான். மறுநாள் அந்த ஓட்டுநரே கூப்பிட்டுவிட்டார். “அக்கா, வீட்டுல தண்ணி ஏறிடுச்சா?” நான் சொன்னேன், “இப்பவே வந்து பாருங்க தம்பி. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.”

பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர் மேல்படியைத் தொட்டு நின்றிருந்தது, உள்ளே வரவில்லை. 2015-இல் வந்தது என்பதையும் நானே சொல்லி, பீரோவை நகர்த்திச் சுவரில் இருந்த கறைக்கோட்டைக் காட்டினேன். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் அப்பா தரையை ஒரு அடி ஏற்றினார். ஹாலில் சீலிங் தாழ்வாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். அதற்கு முன் வந்தவர்களில் பாதிப் பேர் ‘சீலிங் தாழ்வு’ என்றுதான் வேண்டாம் என்றார்கள். தம்பி யாரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை, வெள்ளப் பேச்சை எடுக்கக்கூடாது என்று. தண்ணீரில் நின்று பார்த்தவருக்கு அந்தத் தாழ்வே பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு நான்கு முறை வந்தார்கள். மாமியாரோடு ஒருமுறை, வாஸ்து பார்ப்பவரோடு ஒருமுறை (காபி கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன், அது என் வாழ்நாள் சாதனை), போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுக்க ஒருமுறை, கொத்தனாரோடு ஒருமுறை. கொத்தனார் பின்அறை சீலிங்கைக் கம்பியால் தட்டிப் பார்த்து, உள்ளே கம்பி துருப்பிடித்துப் பூச்சு விட்டிருக்கிறது என்றார். உண்மைதான். நான் சரிசெய்து கொடுத்தால் ஓட்டுநருக்குச் சந்தேகம் மிஞ்சும். “உங்க ஆளை வெச்சே செய்யுங்க, 40,000 கழிச்சுக்கறேன்” என்றேன். பேச்சு அங்கேயே முடிந்தது.

காகித விஷயம்தான் இதில் முக்கால்வாசி. நேரம் இருந்தால் இதை மட்டுமாவது செய்யுங்கள். தாய்ப்பத்திரம், எங்கள் கிரயப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அப்ரூவல் பிளான், வாரிசுச் சான்று, வீட்டு வரி, ஈபி ரசீது எல்லாவற்றையும் ஜெராக்ஸ் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ‘பார்வைக்கு மட்டும்’ என்று எழுதி ஒரு ஃபைல் தயாராக வைத்தேன். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? ஃபைலைப் போட்டபோதுதான் பட்டாவில் அப்பாவின் இனிஷியல் தப்பாக இருப்பது தெரிந்தது. பேங்க் வக்கீல் கண்ணில் முதலில் படுவது இதுதான். ஆள் வருவதற்கு முன்பே மனுப் போட்டு, அப்படியே எங்கள் மூவர் பெயருக்கும் மாற்றிவிட்டோம்.

லோன் பார்ட்டியைத் துரத்தாதீர்கள். முழுப் பணத்தையும் கையில் வைத்திருப்பவர் அபூர்வம், அப்படி வருபவர் பத்திரத்தில் தொகையைக் குறைத்துக் காட்டச் சொல்வதும் உண்டு. லோன் என்றால் எல்லாம் வெள்ளையில். அட்வான்ஸும் அப்படியே வாங்குங்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2015-லிருந்து சட்டம். வாங்குபவருக்கு ஏற்கெனவே முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் கையை விட்டுப் போகிறது. போதாததற்கு 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவரின் வருமான வரிக்காக விலையிலிருந்து கழிப்பது) பிடித்துக் கட்டுவதும் அவர் வேலை. எங்கள் விஷயத்தில் வாங்குபவர் 2 பேர், விற்பவர் 3 பேர் என்பதால் தனித்தனியாக 6 படிவம். ஓட்டுநருக்குத் தலைசுற்றியது. ஒரு சாயங்காலம் என் லேப்டாப்பில் அவரோடு உட்கார்ந்து முடித்தோம். (உடன்பிறந்தவர் யாராவது வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அவர் பங்குக்கு டிடிஎஸ் கணக்கே வேறு. ஆடிட்டரை முன்கூட்டியே பாருங்கள்.)

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன் என்று நினைத்துவிடாதீர்கள். அக்ரிமென்ட்டுக்கு 60 நாள் கேட்டார்கள், 90 நாளாகவே போட்டோம். பீரோ, இன்வர்ட்டர், ஊஞ்சல் எல்லாம் விட்டுவிட்டோம். ஆனால் தை கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. லோன் இன்னும் கைக்கு வரவில்லை. மாமியாரோ தை தாண்டினால் தள்ளிப்போகும், இப்போதே பால் காய்ச்ச வேண்டும், சாவி கொடுங்கள் என்றார். அம்மாவிடம் சொன்னதற்கு, “பதியறதுக்கு முன்னாடி அடுத்தவங்க எப்படிடி நம்ம வீட்டுல பால் காய்ச்சறது?” என்று ஒரே சத்தம்.

முழுப் பணம் வராமல் சாவி கொடுப்பதில்லை என்பதில் நான் அசையவில்லை. ஆனால் பால் காய்ச்சக்கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நல்ல நேரம் பார்த்துக் காலை ஐந்தரைக்கு வாருங்கள், நானே கதவைத் திறக்கிறேன், முடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள் என்றேன். பத்துப் பேர் வந்தார்கள், பால் பொங்கியது, எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டி, சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்தக் காலைக்குப் பிறகு அவர்கள் வேறு வீடு பார்ப்பார்களோ என்ற பயம் எனக்குப் போய்விட்டது. மாசியில் அவர்கள் பார்த்த முகூர்த்த நாளிலேயே டோக்கன் போட்டுப் பதிந்தோம். அம்மாவைக் கோவையிலிருந்து கூட்டி வந்தேன், தம்பி விமானத்தில் வந்து கையெழுத்துப் போட்டான்.

கடைசியில் கைக்கு வந்த விலை 79 லட்சம், சீலிங்குக்குக் கழித்தது போக. தம்பி இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான், பொறுத்திருந்தால் 82-க்கே போயிருக்கும் என்று. போயிருக்கலாம். தாம்பரத்துக்கும் கோவைக்கும் ரயிலில் அலைந்தது அவன் இல்லையே.