ஏற்காடு இறங்கியதும் நீலப் புகை: எஞ்சினைப் பிரிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

வணக்கம் ஐயா. உங்கள் பழைய மாருதி 800 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிப்பதாகவும், மெக்கானிக் உடனே எஞ்சினைப் பிரித்து ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் இறங்கி, அடிவாரத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் புகை பொங்குகிறது என்றீர்களே, அதுதான் முக்கியமான தடயம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது, எஞ்சினுக்குள் காற்று நுழையும் இன்டேக் பகுதியில் வெற்றிடம் வலுத்து, இறுகிப்போன வால்வு சீல்கள் (வால்வுத் தண்டு வழியே ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் மூடிகள்) வழியாக ஆயிலை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு மிதித்ததும் அது எரிந்து வெளியேறுகிறது. ரிங் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஏற்றத்தில் இழுக்கும்போதே புகை விடாமல் வரும்.

உறுதி செய்ய, சூடான எஞ்சினில் மூன்று சிலிண்டர்களுக்கும் கம்ப்ரஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு நன்றாக ஏறினால் குறை ரிங்கில்தான். மூன்றும் ஏறக்குறைய சமமாகவும் நல்ல அளவிலும் இருந்தால் சீல்களை மட்டும் மாற்றினால் போதும். என் வண்டியில் கழற்றிய சீல், ரப்பர் என்றே சொல்ல முடியாதபடி, நகத்தால் அழுத்தியதும் பொடிந்தது.

அதற்கும் முன்பாக, வால்வு கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், செலவில்லாத வேலை. அதுவரை, ஒவ்வொரு மலைப் பயணத்துக்கும் முன் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) துடைத்து அளவு பார்க்கத் தவறாதீர்கள்.