ஆமை நடைக்கு நானும் வரலாமா?

சென்னைக் கரையில் முட்டையிட வரும் கடலாமைகளின் குழிகளைத் தேடி, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கடற்கரையோடு நடப்பதுதான் ஆமை நடை. கிடைக்கிற முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்துவைப்பார்கள். சென்ற மாதம் இந்தப் பகுதியில் அதைப் பற்றி நாலு வரி எழுதி, 'வாருங்கள்' என்று கூப்பிட்டிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் தமிழாசிரியை. விலங்கியல் படித்ததில்லை, நீச்சலும் தெரியாது. என்னால் அங்கே என்ன உபயோகம்?
– வாசகி, மடிப்பாக்கம்

டீச்சர், நடக்கத் தெரிந்தால் போதும். மணலில் ஏழு கிலோமீட்டர் போல வரும், செருப்பைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நான் முதன்முதலில் போனது 1997 பிப்ரவரியில். வங்கியில் காசாளர் வேலை, ஆமையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கல்லூரியில் படித்த மகள் கூப்பிட்டாள் என்று போனேன். விடிய விடிய நடந்தும் ஓர் ஆமைகூடக் கண்ணில் படவில்லை. கடைசியில் எங்களைக் கூட்டிப்போன மாணவர் நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'முட்டை இல்லை' என்று எழுதினார். "ஒன்றும் இல்லாததை எதற்குத் தம்பி எழுதுகிறாய்?" என்று கேட்டேன். "இல்லாததையும் எழுதினால்தான் அக்கா, அடுத்த வருஷத்தோடு ஒப்பிட முடியும்" என்றார். தினமும் கணக்கு முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள் நான். அந்தப் பதில் எனக்கு உடனே புரிந்தது. அடுத்த வாரமும் போனேன்.

மூன்றாவது வாரம் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது தடம்தான். டிராக்டர் சக்கரம் ஏறிவந்த மாதிரி, கடலிலிருந்து மேட்டை நோக்கி. எல்லோரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம், யாரும் டார்ச் அடிக்கவில்லை. இரண்டடி நீளத்துக்கு ஓடு. பின்துடுப்புகளைக் கரண்டி மாதிரி வளைத்து, ஒருமுறை இடது, ஒருமுறை வலது என்று மணலை அள்ளி வெளியே வைத்துக்கொண்டிருந்தது. ஒன்றரை அடி ஆழத்தில் குடம் போன்ற குழி. நூறுக்கும் மேல் முட்டை, ஒவ்வொன்றும் பிங்பாங் பந்து அளவு. குழியை மூடியதும் உடம்பைத் தூக்கித் தூக்கி இருபுறமும் மணலில் தட்டி இறுக்கியது. அந்தத் தட்டல் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போய்விட்டது. என் மகள் அழுதாள். நானும்தான்.

எழுபதுகளில், சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் தொடங்கிய நடை இது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு இதை நடத்துகிறது. மாணவர்கள் என்பதால் படிப்பு முடிந்து வேலைக்கு வெளியூர் போய்விடுவார்கள், புதியவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். முட்டையிடும் பருவத்தில் வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: ஒருமுறை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் இரண்டாவது தடவையும் வாருங்கள்.

ஆமை தானாகவே மூடி வைத்த முட்டையைத் தோண்டி எடுத்து வேறு இடத்தில் புதைப்பது இயற்கைக்கு எதிரானது இல்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

நல்ல கேள்வி. எனக்கும் இதில் முழு நிம்மதி கிடையாது. ஒடிசாவில் ருஷிகுல்யா, கஹிர்மாதா கரைகளில் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் ஏறி முட்டையிடும். நாய் தின்றது போக மிச்சமிருக்கும். நம் கரையில் ஒற்றை ஒற்றையாக வருகின்றன. நாய், காக்கை, மனிதக் கால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு குழிதான் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை வெளிச்சம். குஞ்சுக்குத் தெரிந்த விதி ஒன்றுதான்: எங்கே வெளிச்சமோ அங்கே கடல். கரை இருட்டாக இருந்த காலத்தில் அது சரி. இப்போது தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் அன்றிரவே முட்டைகளைத் துணிப்பையில் குலுங்காமல் கொண்டுவந்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டி வைக்கிறார்கள். நாற்பத்தைந்து நாளிலிருந்து பொரியத் தொடங்கும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் என்பதால் சூட்டையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. நகரமும் நாமும் கரையை விட்டு விலகினால் பொரிப்பகமே தேவையில்லை. அதுவரை இது கட்டாயத்துக்குச் செய்கிற வேலை.

ஆமை செத்து ஒதுங்கினாலே மீனவர்களைத்தான் சொல்கிறீர்கள். சுற்றுச்சூழல் அமைப்புகளில் எங்களுக்கு இடம் உண்டா?
– வாசகர், காசிமேடு

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, 'மீனவர்கள் கொன்றுவிட்டார்கள்' என்று என் தெருவிலேயே பேசினார்கள். சிறிய ஃபைபர் படகில் போகிறவரையும், பெரிய வலையைக் கடலுக்கடியில் இழுத்துப்போகிற விசைப்படகு இழுவலையையும் ஒரே மூச்சில் சேர்த்துவிடுகிறோம்.

ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். இழுவலையில் மாட்டி வெகுநேரம் கீழேயே இழுபட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். இழுவலைப் படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் வலை இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் கரையை ஒட்டித்தான், சிறு படகுக்காரர்களின் பாடு இருப்பதும் அங்கேதான். அந்த விதியைக் கடைப்பிடித்தால் ஆமைக்கும் நன்மை, உங்களுக்கும் நன்மை. உங்கள் சங்கமும் ஆமை அமைப்புகளும் ஒரே மேசையில் உட்கார இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

இடம் உண்டா என்று கேட்டீர்கள். நம் கரைக்கு வரும் இந்த ஆமைக்குப் பங்குனி ஆமை என்று பெயர் வைத்தது எந்த அமைப்பு? எந்த மாதம் வரும் என்று பெயரிலேயே எழுதிவைத்தவர்கள் உங்கள் பாட்டன்மார். ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவர், காற்று திரும்புவதைப் பார்த்து, "இன்னைக்கு ஏறும், போய்ப் பாரும்மா" என்று சொல்வார். பல நாள் அவர் சொன்னபடியே நடந்திருக்கிறது. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் நீங்கள் வருவது, நாங்கள் பேசுவதை நீங்கள் கேட்பது என்று இருக்கக் கூடாது. வலை எங்கே போடுகிறார்கள், எந்த நாளில் ஆமை கூட்டமாகத் தெரிந்தது என்று நீங்கள் சொல்ல, நாங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் கடிதத்தை அந்த மாணவர்களிடம் அப்படியே கொடுத்திருக்கிறேன்.

கடலே இல்லாத ஊரில் இருக்கிறேன். நான் எதில் சேர்வது?
– வாசகி, நாமக்கல்

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஊர் ஏரிக்கரையில் கால் மணி நேரம் நின்று, பார்த்த பறவையையும் எண்ணிக்கையையும் பதிவு செய்தால் போதும். காக்கையையும் எண்ண வேண்டும், விட்டுவிடாதீர்கள்.

கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். இரவு நடக்க எனக்கு முழங்கால் இடம் தராது. வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாமா?
– வாசகர், கொட்டிவாக்கம்

ஐயா, நீங்கள் செய்யக்கூடியது நடக்கிறவர்களால் முடியாத வேலை. ஜனவரியிலிருந்து மே பாதி வரை, கடல் பக்கம் எரிகிற விளக்குகளை இரவில் அணைக்கும்படி உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேசுங்கள். பாதுகாப்புக்கு விளக்கு வேண்டும் என்பார்கள். தரையைப் பார்த்துக் கவிழ்ந்த மாதிரி மூடி போட்ட விளக்கு வைக்கலாம் என்று சொல்லுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு குடியிருப்பில், நடையில் எங்கள் கண்ணுக்குத் தப்பிய குழி ஒன்று பொரிந்து, குஞ்சுகள் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டன. காவலாளி நல்ல மனசோடு வாளித் தண்ணீரில் போட்டுவைத்தார். அவை நீந்தி நீந்திக் களைத்துப்போயின, நாங்கள் போனபோது பாதிதான் மிச்சம். அவர்மேல் தப்பில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் காவலாளியிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்: வாளியில் ஈர மணல் மட்டும், தண்ணீர் கூடாது, மேலே ஒரு துணி. வனத்துறைக்கோ ஆமை நடைக்காரர்களுக்கோ உடனே போன் செய்யச் சொல்லி, எண்களைக் காவலறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.