அலாய் வீலுக்கு பவுடர் கோட்டிங்: எந்தப் பட்டறையை நம்புவது?

கேள்வி: சென்னை திருவான்மியூரில், கடற்கரையை ஒட்டிய தெருவில் வசிக்கிறேன். ஏழு ஆண்டுகள் ஓடிய கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதன் 16 அங்குல அலாய் வீல்கள் நான்கிலும் மேல்பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. விளிம்புகளில் நடைபாதைக் கல்லில் உரசிய காயங்களும் உண்டு. பவுடர் கோட்டிங் செய்ய இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஒருவர் காலையில் கொடுத்தால் மாலையில் தந்துவிடுவதாகச் சொல்கிறார். மற்றவர் நான்கு நாள் கேட்கிறார். கூலியும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இருவர் காட்டிய மாதிரிகளும் ஒன்று போலவே பளபளக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது? ஸ்டெப்னியையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: பவுடர் கோட்டிங் என்பது மின்னேற்றிய பவுடரை உலோகத்தில் ஒட்டவைத்து, ஓவன் சூட்டில் உருக்கி இறுக்கும் பூச்சு. ஓவனிலிருந்து புதிதாக வெளியே வந்த எந்தப் பூச்சும் பளபளக்கத்தான் செய்யும். கடல் காற்றில் ஒரு மழைக்காலம் கழிந்தால்தான் வேலையின் தரம் தெரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். ஆகவே மாதிரியைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். பவுடர் அடிப்பதற்கு முன் அந்தப் பட்டறையில் என்ன நடக்கிறது? வீலின் எந்தெந்த இடங்களில் பவுடர் படாமல் காக்கிறார்கள்?

அம்பத்தூரானாலும் கோவை குறிச்சியானாலும், தொழிற்பேட்டைகளில் உள்ள பவுடர் கோட்டிங் பட்டறைகளுக்குச் சோறு போடுவது பீரோ, கட்டில், மின் பேனல் பெட்டி, கிரில் கேட் போன்றவை. பெரும்பாலும் மெல்லிய இரும்புத் தகடு. அதில் கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீல் வார்ப்பு அலுமினியம். கனமானது, உள்ளே நுண்துளைகள் கொண்டது, வெப்பப் பதப்படுத்தலால் வலிமை ஏற்றப்பட்டது. பீரோவுக்குச் செய்யும் அதே முறையை இதற்கும் செய்தால் வேலை கெடும்.

முதலில் பழைய பூச்சை எப்படி நீக்குகிறார்கள் என்று கேளுங்கள். மேலோட்டமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய பூச்சின் மேலேயே அடித்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மாலையில் தருகிறேன் என்பவர்மீது எனக்கு எழும் முதல் சந்தேகம் இதுதான். நீங்கள் பார்த்த புழுத்தடம், பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவே உப்பும் ஈரமும் புகுந்து பரவும் அரிப்பு. அதை வேரோடு எடுக்காமல் மேலே எவ்வளவு விலை உயர்ந்த பவுடரை அடித்தாலும் அடியில் அது ஊர்ந்துகொண்டேதான் இருக்கும். முழுப் பூச்சையும் அலுமினியத்துக்கு ஒத்துவரும் ரசாயனத்தாலோ மிதமான அழுத்தத்தில் துகள்களை வீசியடித்து பிளாஸ்டிங் செய்தோ எடுத்து, வெறும் உலோகம் தெரிய வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த நீக்கிகள் இரும்புக்குச் சரி. அலுமினியத்தையோ அவை கரைத்துவிடும். இரும்புக் குண்டுகளால் பிளாஸ்டிங் செய்தால் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, அங்கிருந்தே புதிய அரிப்பு கிளம்பும். அலுமினியம் ஆக்சைடு, கண்ணாடி மணி போன்றவை இதற்கு ஏற்றவை. இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: பழைய பூச்சை எரித்து எடுக்கும் சூளை வைத்திருக்கிறார்களா? அது 350 டிகிரி செல்சியஸுக்கு மேலும் போகும். அலாய் வீலை அதில் போட்டால் உலோகத்தின் வலிமையே போய்விடும். வார்ப்பு வீல்களை ஆலையில் 540 டிகிரிக்கு அருகில் சூடாக்கி, நீரில் தணித்து, பிறகு 150, 170 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்துத்தான் அந்த வலிமையை ஏற்றுகிறார்கள். பவுடர் வேகும் 200 டிகிரியில் சில நிமிடங்கள் இருப்பதால் பெரிய பாதகமில்லை. எரிசூளை வேறு கதை.

அடுத்தது கழுவலும், பவுடர் நன்றாகப் பிடிக்க அதற்கு முன் ஏற்றும் ரசாயனப் படலமான முன்பூச்சும். பட்டறைக்காரர் பெருமையோடு "செவன் டேங்க் செய்கிறோம்" என்பார். எண்ணெய் நீக்கி, துரு நீக்கி, பாஸ்பேட் ஏற்றி, இடையிடையே நீரில் அலசும் அந்த ஏழு தொட்டி வரிசை இரும்புக்கு ஏற்பட்டது. துரு நீக்கும் அமிலத் தொட்டியில் அலுமினியத்துக்கு வேலையில்லை. அலுமினியத்துக்கு குரோமேட் முன்பூச்சு வேண்டும், அல்லது குரோமியம் இல்லாத சிர்கோனியம் வகை வேண்டும். "அலுமினியத்துக்குத் தனித் தொட்டி இருக்கிறதா?" என்று கேளுங்கள். கடற்கரையில் வசிக்கும் உங்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட முக்கியம்.

விளிம்புக் காயங்களை எப்படிச் சரிசெய்வார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். சிறு காயங்களை அரம் போட்டுச் சமன் செய்து மெருகேற்றிவிடலாம். கார் பெயின்டிங் கடையில் பூசும் சாதாரண பட்டியை இங்கே வைத்தால் ஓவன் சூட்டில் அது வெடிக்கும், அல்லது கொப்புளம் விடும். மேலும் அது மின்சாரம் கடத்தாது. மின்னேற்றத்தால் ஒட்டும் பவுடர் அந்த இடத்தில் சரியாகப் படியாது.

இனி ஓவன். ஒரு பட்டறை வீல் வேலை அறிந்ததா இல்லையா என்பதை ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நான் இதைத்தான் கேட்பேன். "எவ்வளவு நேரம் வேக வைப்பீர்கள்?" பெரும்பாலும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று பதில் வரும். விடாமல் அடுத்ததைக் கேளுங்கள்: "எப்போதிலிருந்து பத்து நிமிடம்?"

பாலியெஸ்டர் பவுடர்களில் பலவற்றுக்கு 200 டிகிரியில் சுமார் 10 நிமிடம், 180 டிகிரியில் சுமார் 20 நிமிடம் என்ற அளவில் உற்பத்தியாளர் குறித்திருப்பார். அந்த டிகிரி உலோகத்தின் வெப்பம். ஓவன் சுவரில் உள்ள மானி காட்டுவது காற்றின் வெப்பம். பீரோக் கதவு சில நிமிடங்களில் காற்றின் சூட்டை எட்டிவிடும். வீலின் ஆரங்களும் நடுப்பகுதியும் கனமானவை, அவை சூடேற அதைவிட வெகுநேரம் பிடிக்கும். ஓவன் கதவைச் சாத்திய நொடியிலிருந்து பத்து நிமிடம் எண்ணுகிறவர் வீலை அரைவேக்காட்டில் வெளியே எடுக்கிறார். அரைவேக்காட்டுப் பூச்சும் பளபளக்கும், ஆனால் கல் பட்டால் சில்லாகப் பெயரும். நல்ல பட்டறையில் வீலின் மீதே வெப்பமானியைக் குறிவைத்தோ, வெப்ப உணர் கம்பியைக் கட்டியோ உலோகச் சூட்டைப் பார்த்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "உலோகம் சூடேறியதிலிருந்து" என்ற பதில் தானாக வந்தால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

வார்ப்பின் நுண்துளைகளில் தங்கிய காற்றும் எண்ணெயும் சூட்டில் வெளியேறும்போது உருகிய பவுடரைத் துளைத்துக்கொண்டு வரும். ஊசித் துளைகள் விழுவது அதனால்தான். எனவே பவுடர் அடிக்குமுன் வெறும் வீலை ஒருமுறை ஓவனில் வைத்து எடுப்பார்கள். ஒரு வீல் இப்படி இரண்டு மூன்று முறை ஓவன் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. நான்கு நாள் கேட்டவரின் கணக்கு உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

பவுடர் வகையில் அதிகம் குழம்ப வேண்டாம். வெளியில் வெயிலில் நிற்கும் பொருளுக்கு பாலியெஸ்டர். எபாக்ஸி கலந்தது உள் அறைச் சாமான்களுக்கு. வெயிலில் சீக்கிரம் வெளிறி, தொட்டால் கையில் தூள் ஒட்டும். பீரோவுக்கு வாங்கிய டப்பாவில் மிச்சமானது உங்கள் வீலுக்கு வரலாம். எனவே பெட்டியின் மேல் உள்ள தயாரிப்பாளர் பெயர், வகை, தொகுதி எண் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எபாக்ஸி அடிப்பூச்சு, மேலே பாலியெஸ்டர் என்று இரண்டு அடுக்கு அடிப்பவர் கிடைத்தால் உங்கள் ஊர்க் காற்றுக்கு நல்லது.

எந்தப் பட்டறையிலும் நான் அதிக நேரம் பார்ப்பது பவுடர் படாத இடங்களைத்தான். வீல் நட்டு உட்காரும் துளையைக் கவனியுங்கள். பெரும்பாலான கார்களில் அது கூம்பு வடிவத்தில் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் உலோகத்தோடு உலோகம் பொருந்தி இறுகுவதால்தான் வீல் காரோடு நிற்கிறது. ஓர் அடுக்குப் பவுடரின் தடிமன் 60 முதல் 100 மைக்ரான். இரண்டு அடுக்கு என்றால் அதன் இரு மடங்கு. சரிவில் அது படிந்திருந்தால் நீங்கள் முறுக்கும் இறுக்கம் பூச்சின் மேல்தான் விழும். ஓட்டத்தின் சூட்டிலும் அதிர்விலும் பூச்சு நசுங்கி மெலியும். நட்டின் பிடி தளரும். அழகுக்காகச் செய்த வேலை, ஓடும் வண்டியின் சக்கரம் கழலும் அளவுக்குப் போய்விடும். ஹப் (காரில் வீல் மாட்டும் அச்சுத் தலை) நுழையும் நடுத்துளைக்கும், ஹப்போடு ஒட்டி நிற்கும் பின்முகத்துக்கும் இதே விதிதான். அங்கே பவுடர் படிந்தால் வீல் சமமாக உட்காராது, ஸ்டீயரிங்கில் நடுக்கம் வரும். நல்ல பட்டறைகள் இந்த இடங்களைச் சூடு தாங்கும் சிலிகான் அடைப்பான்களாலும் பச்சை நிற பாலியெஸ்டர் டேப்பாலும் மூடிவிடுவார்கள். மேசை மேல் அந்த அடைப்பான்கள் அளவு வாரியாகக் கிடந்தால் வீல் வேலை அங்கே வழக்கம் என்று பொருள். பவுடர் அடித்துவிட்டுப் பிறகு துளையில் துரப்பணம் விட்டுச் சுரண்டிக்கொள்ளலாம் என்பவரிடம் வீலைக் கொடுக்காதீர்கள்.

டயரைக் கழற்றாமல் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 200 டிகிரி ஓவனில் டயர் போகாது. அவர் அடிக்கப் போவது ஸ்ப்ரே பெயின்ட். அதுவும் ஒரு வேலைதான், அதற்கு பவுடர் கோட்டிங் கூலி கொடுக்க வேண்டியதில்லை. டயர், வால்வு, பாலன்ஸ் எடைகள், காற்றழுத்த உணரி இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் கழற்றித்தான் வீலைக் கொடுக்க வேண்டும். அதே சமயம், பழைய காரின் வீல் என்பதால், டயர் கழன்ற நிலையில் அதைச் சுழற்றி நெளிவு பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் இறங்கிய அடி பெரும்பாலும் உள்பக்க விளிம்பில்தான் இருக்கும். விரிசல் சந்தேகம் இருந்தால் சிவப்புச் சாயம் தடவிப் பார்க்கும் சோதனையைப் பூச்சுக்கு முன்பே செய்ய வேண்டும். பின்பு பவுடர் அதை மூடிவிடும். விரிசல் கண்ட வீலை வெல்டிங் செய்து ஓட்டுவதை நான் ஏற்பதில்லை. வேறு வீல் வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் தடிமன் மானியால் சில இடங்களில் அளந்து காட்டச் சொல்லலாம். அலுமினியத்தையும் அளக்கக்கூடிய மானியாக இருக்க வேண்டும். இரும்புக்கு மட்டுமான காந்த மானி இங்கே உதவாது. பூச்சைக் கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டி இழுக்கும் சோதனையை உங்கள் வீலில் செய்ய வேண்டாம். கூடவே ஓவனில் வைத்த ஒரு துண்டில் செய்து காட்டுவார்கள். கேட்டதும் முகம் சுளிக்காமல் செய்துகாட்டும் பட்டறை அரிது, கிடைத்தால் விடாதீர்கள்.

ஆக, நீங்கள் சொன்ன இருவரில் என் சாய்வு நான்கு நாள் கேட்டவர் பக்கம்தான். ஆனால் கூலி அதிகம் என்பது மட்டுமே சான்றாகாது. நேரில் போய் "எப்போதிலிருந்து பத்து நிமிடம்", "அலுமினியத்துக்குத் தனித் தொட்டி உண்டா" என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டிலும் மழுப்பினால் மூன்றாவது பட்டறையைத் தேடுங்கள். ரசீதில் "பூச்சு முழுதாக நீக்கம், முன்பூச்சு, பாலியெஸ்டர் பவுடர், நட்டுத் துளைகளில் பவுடர் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீல்களில் ஏதேனும் ஒன்றின் முகம் டயமண்ட் கட் (உலோகம் மின்னும்படி கடைந்தெடுத்தது) செய்யப்பட்டதாக இருந்தால், பவுடர் கோட்டிங்குக்குப் பின் அந்த வெட்டிய உலோக மினுக்கு இருக்காது, ஒரே நிறம்தான் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வீல்களை மாட்டும்போது காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிவிட்டு அனுப்பாமல், கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஸ்டெப்னியில் முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டுகிறதா என்று. ஒட்டினால் அது இரும்பு. டிக்கியில் இருட்டில் கிடக்கும் அதற்கு அலாய் வீல் பட்டறையின் கூலியைக் கொடுக்க வேண்டாம். துரு பிடித்திருந்தால் பீரோ அடிக்கும் பட்டறையின் ஏழு தொட்டியே அதற்குப் போதும், நட்டுத் துளைகளை மட்டும் அங்கேயும் மூடச் சொல்லிவிடுங்கள்.